பழுதென்று வெட்டிய இடம்

மறுபதிப்பு இசைத்தட்டுப் பெட்டியைப் பிரித்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசம், இன்று போன் கடையாகிவிட்ட குணம் மாமாவின் பாரிஸ் லா சப்பல் கசற் கடைக்குள் என்னைத் தள்ளியது. சனிக்கிழமைகளில் அப்பாவும் நானும் காத்திருக்க, யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஒருகாலத்தில் கிற்றார் அடித்துப் பாடிய பொப் இசைத்தட்டுகளை அவர் கசற்றில் பதிவார், ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் மைக்கைப் பிடித்து, "குணம் றெக்கோடிங், லா சப்பல்!" என்று கத்துவார்.

"ஏன் மாமா பாட்டைக் கெடுக்கிறியள்?"

"இல்லாட்டி மற்றக் கடைக்காரர் கொப்பியடிச்சு விப்பாங்கள், பிள்ளை."

அந்த எரிச்சலில்தான் வளர்ந்தபின் சந்தை சந்தையாக அலைந்து அசல் தட்டுகளைச் சேர்த்தேன். ஒரு பாட்டு மட்டும் அகப்படவேயில்லை. அதற்காகவே இந்தப் பெட்டியை வாங்கினேன்.

ஊசியை வைத்தேன். இரண்டாம் சரணத்தில் பாட்டு ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது. கூடவந்த புத்தகத்தைப் புரட்டினால், அசல் தட்டு கிடைக்காததால் பாரிஸ் கசற் ஒன்றிலிருந்து எடுத்தார்களாம், பழுதான இடத்தை நீக்கிவிட்டார்களாம்.

பழுதாம்!

ஊசியைத் திரும்ப வைத்து, அந்த இடத்தில் மாமாவைப் போல நானே கத்தினேன். மூச்சுவிடக்கூட இடைவெளி வைக்காமல் வெட்டியிருக்கிறார்கள். "குணம்" என்பதற்குள் பாட்டு போய்விட்டது.