இரண்டாம் நம்பர் பம்பில் ஒரு சந்தேகம்

டாக்சிக்காரருக்குப் பெட்ரோல் பங்க் என்றாலே ஆகாது. ஆனால் பங்குக்குப் போகாமல் டாக்சி ஓட்ட முடியாதே, என்ன செய்வது? போவார். போகிற விதம்தான் வேறு. மற்றவர்கள் ஜன்னலை இறக்கி, வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனை நோண்டுவார்கள். இவர் இறங்குவார். பம்புக்கு எதிரே நின்று, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, மீட்டரில் சைபர் விழுந்துவிட்டதா என்று பார்ப்பார். ரவுண்டுத் தொகைக்குப் போடவே மாட்டார். அதற்கெல்லாம் உள்ளே ஏதோ செட்டிங் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. போட்டு முடித்ததும் குழாயை ஆட்டச் சொல்லிக் கடைசிச் சொட்டையும் வாங்கிக்கொள்வார்.

வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரையும் நம்பமாட்டார். அதைச் செய்தவனும் ஒரு மனுஷன்தானே என்பார். ஒரு டேங்குக்கு எத்தனை சவாரி ஓடியது என்பதுதான் அவருடைய மைலேஜ் கணக்கு. டாக்சி ஸ்டாண்டில் இதையெல்லாம் உபதேசமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "பங்க்ல வேலை பாக்குறவன் பூரா திருடன்பா" என்று ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

இப்படிப்பட்டவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்தான் மனைவி பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, பெரிய ரோட்டு பங்க்ல ஆள் எடுக்கறாங்க. நான் போகப் போறேன்."

அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "பங்க்லயா? என் மானம் என்ன ஆகறது?" என்றார்.

"அத வீட்டுலயே வெச்சுட்டுப் போறேன். நீங்க பத்திரமா பாத்துக்கோங்க."

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போதும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார் மனுஷன்: இன்னாருடைய மனைவி என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. ஸ்டாண்டில் தலைகாட்ட வேண்டாமா? சரி என்று சிரித்துக்கொண்டே சத்தியம் செய்து கொடுத்தாள்.

சீருடைச் சட்டையை அவள் இஸ்திரி போடுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. இரண்டாம் நம்பர் பம்ப் அவளுடையது. சில மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேலை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் நாள், அவள் எப்படி இருக்கிறாள் பார்ப்போம் என்று அந்தப் பக்கமாக வண்டியை விட்டார். நல்லெண்ணம்தான், அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டயருக்குக் காற்றுப் பிடிக்கிறவன் ஒருவன் பம்பில் சாய்ந்துகொண்டு அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், நம்ம ஆளுக்குள் பூச்சி புகுந்துவிட்டது. அப்படி என்ன சிரிப்பு? திருட்டு வேலை கற்றுக்கொடுக்கிறானா, இல்லை வேறு ஏதாவதா? அன்றிலிருந்து எந்தச் சவாரியை எங்கே இறக்கினாலும் பங்க் வழியாக ஒரு சுற்று சுற்றாமல் அடுத்த சவாரி ஏற்றுவதில்லை. எதிர்ச்சாரியில் மெதுவாக, கறுப்புக் கண்ணாடி வேறு மாட்டிக்கொண்டு.

பெட்ரோலும் அவள் பம்பிலேயே போட்டார். அங்கேயும் குனிந்து பார்ப்பதை விட்டாரா என்றால், இல்லை. அவளும் அறிமுகமில்லாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சார் போட்டுப் பேசினாள்.

இந்த நேரம் பார்த்து டேங்க் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாக ஆரம்பித்தது. வழக்கமான சவாரிகளில் பாதி ஓடுவதற்குள் பெட்ரோல் முள் படுத்துவிட்டது. மெக்கானிக்கிடம் காட்டினார், இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றான். பக்கத்து வீட்டுக்காரன் உறிஞ்சுகிறானோ என்று டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டார். அப்படியும் குறைவது நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம்தான்.

"இன்னிக்கு மேனேஜர் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று வீட்டில் மெல்ல நூல் விட்டார்.

"வெயில்ல நிக்கற, தண்ணி நல்லா குடிம்மான்னு சொன்னாரு."

அவருக்கு அதிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது.

மறுநாள் காலை அவள் பம்பில் வண்டியை நிறுத்தி, "இந்தப் பம்ப்ல அளவு கம்மியா இருக்கு. கேன்ல பிடிச்சுக் காட்டுங்க" என்றார். அளவைச் சோதிக்க முத்திரை போட்ட கேன் ஒன்று எல்லாப் பங்கிலும் இருக்கும்; யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போய்க் கேனை எடுத்துவந்தாள். மேனேஜரும் வந்துவிட்டார். பின்னால் நின்ற வண்டிகளில் ஸ்டாண்டு நண்பர்கள் இரண்டு பேர். எல்லோரும் எட்டிப் பார்க்க, கேனில் பெட்ரோல் அளவுக் கோட்டைத் தொட்டு நின்றது. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

அப்போதுதான் காற்றுப் பிடிக்கிறவன் வாயைத் திறந்தான். "சார், இந்த ஆள் நாள் பூரா இந்த ரோட்டுலதான் சுத்தறாரு. போறாரு, திரும்பறாரு, மறுபடி வர்றாரு. நம்ம அக்காவையே மொறைச்சுப் பாக்கறாரு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

பெட்ரோல் எங்கே போயிற்று என்பது டாக்சிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனையும் இந்த ரோட்டிலேயே எரிந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேனேஜர் முகம் மாறியது. "இவர உனக்குத் தெரியுமாம்மா? அடுத்த வாரம் உன்ன நிரந்தரம் பண்ணலாம்னு இருந்தேன். இப்படி ஆளுங்க பின்னாடி சுத்தறதா இருந்தா நான் யோசிக்கணும்."

அவள் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கேனைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் வேலை பிழைத்துவிடும். அதைச் சொல்லவேண்டியவர் அவர். ஸ்டாண்டு நண்பர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான்... இவங்க வீட்டுக்காரர்" என்றார் டாக்சிக்காரர். "தப்பு என் மேலதான். சந்தேகப்பட்டுச் சுத்தினேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நிஜமாம்மா?"

"ஆமா சார்."

பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். மேனேஜரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப உன் வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா. இவர எப்படி வெச்சுக்கறதுங்கறது உன் பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தப்பித்தோம் என்று டாக்சிக்காரர் அவளைப் பார்த்து அசடு வழிந்தார். அவள் சிரிக்கவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"வர்றவங்க எல்லாருமே என்ன ஒரு திருடியப் பாக்கற மாதிரிதான் பாக்கறாங்க. அதெல்லாம் பழகிடுச்சு. ராத்திரி வீட்டுக்குப் போனா அங்க ஒருத்தர் அப்படிப் பாக்கமாட்டாருன்னு நெனச்சுட்டு நின்னுட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு, அடுத்த வண்டியை வரச்சொல்லிக் கை காட்டினாள்.