சீட்டில் கிடந்த சிவப்புத் தொப்பி

போன வாரம் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் பள்ளி வேன் வாட்ஸ்அப் குழுவில் டிரைவர் பழனி அண்ணன் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கமாக "கெளம்பிட்டேன், ரெடியா இருங்க" என்று இருக்கும். அன்று அவர் மகள் எழுதியிருந்தாள்: அப்பா விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். நான் நம்பவில்லை. என் சேட்டைகளுக்கெல்லாம் சேர்த்துவைத்து ஒரேயடியாகப் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன்.

பூந்தமல்லியிலிருந்து அவர் வேனில் போய்வந்த உங்களுக்கு என் வரலாறு தெரியும். அதில் கொஞ்சம் புவியியலும் உண்டு: 'இந்த வண்டி விற்பனைக்கு' என்று நான் பின்னால் ஒட்டிய தாள் நசரத்பேட்டை வரைக்கும் பயணம் செய்தது. சிக்னலில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி விலையே கேட்டுவிட்டார். அண்ணன் அசரவில்லை. "வண்டிய மட்டும் தர முடியாது சார். பின்னாடி ஒரு வாலு ஒட்டிகினு கீது, அதையும் இட்டுகினு போவணும்."

பத்தாம் வகுப்பில் அந்த வால் சுருண்டது. வேனில் ஏறினால் தூக்கம், இறங்கினால் தூக்கம். ஊரே புழுக்கத்தில் வேக, எனக்கு மட்டும் குளிர்ந்தது. "பொறுப்பு வந்துடுச்சு" என்றார்கள் பள்ளியில். அம்மா முதலில் பூரித்தார். மதிப்பெண் இறங்கியதும் "சோம்பேறி" என்றார். நானும் அதையே நம்பினேன். மூன்று அலாரம் வைத்தேன். மூன்றும் என்னை விட்டுவிட்டு வீட்டையே எழுப்பின.

பழனி அண்ணன் மட்டும் நம்பவில்லை. நான் எப்போதும் பிடுங்கி ஒளித்துவைக்கும் தன் சிவப்புத் தொப்பியை, மூன்று நாள் வேண்டுமென்றே என் பக்கத்து சீட்டில் விட்டுவைத்தார். நான் தொடவே இல்லை. நான்காம் நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இறங்கினார்.

"பாப்பாவ டாக்டராண்ட காட்டும்மா."

"இப்பதான் அடங்கி ஒழுங்கா இருக்கா. அது பொறுக்கலையாண்ணே?" என்று அம்மா சிரித்தார்.

"அடங்கலம்மா, அணைஞ்சு கீது. படிக்கத்தான் சோம்பல் வரும். சேட்டைக்குமா வரும்?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. மறுநாளே இரத்தப் பரிசோதனை. தைராய்டு சுரப்பி ரொம்ப மந்தமாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். "சோம்பேறித்தனத்துக்கு என்கிட்ட மருந்தில்ல. இது சோர்வு, இதுக்கு இருக்கு." திரும்பும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. "உன்னப் போய் எவ்ளோ திட்டிட்டேன்டி."

தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. உடனே எதுவும் மாறிவிடவில்லை. சில வாரம் கழித்து ஒரு மாலை, அண்ணன் எங்கள் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார்: "யம்மா! பாப்பாவுக்கு கொணமாய்ச்சு! என் தொப்பியக் காணோம்!"

அதை அவர் கடைசிவரை திருப்பிக் கேட்கவில்லை. கொடுத்துவிடலாம் என்று சாவு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "நீயே வெச்சுக்கோ. தொப்பி எங்கன்னு அப்பாவக் கேட்டா, நல்ல எடத்துல கீதும்பாரு."

திங்கட்கிழமை முதல் வேனுக்குப் புது டிரைவர். தொப்பியை முன் சீட்டில் போட்டுவைக்கப் போகிறேன். பிடுங்குகிறவர்கள் பிடுங்கட்டும், அதற்காக அடித்துக்கொள்ளட்டும். பார்த்தும் கை நீட்டாமல் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அன்று மாலை அவர்கள் வீட்டு வாசலில் நான் இறங்குவேன்.