கயிற்றின் மறுமுனையில் ரெஜினா மிஸ்ஸி

எந்த வேலைக்குப் போனாலும் முன்னால் பார்த்து நட என்பார்கள்; நான் பார்க்கும் வேலையில் முன்னால் திரும்பினால்தான் திட்டு விழும்.

போர்டிக்சன் கடற்கரையில் துரைமார்களுக்கும் ஆமிக்காரர்களுக்கும் ஒரு கிளப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே விசைப்படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம். படகுக்குப் பின்னால் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை மாட்டிய ஒருவர் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வருவார். படகோட்டி முன்னால்தான் பார்க்க முடியும். பின்னால் வருகிறவர் நிற்கிறாரா, விழுந்தாரா, கை காட்டி என்ன கேட்கிறார் என்று பார்த்துக் கத்த இன்னொரு ஆள் வேண்டும். அடுத்தவர் விளையாட்டைப் பார்த்துக்கொண்டு வெயிலில் காய எந்த மெம்பருக்கும் மனசு வரவில்லை. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ரெஜினா மிஸ்ஸிதான் என்னைச் சிபாரிசு செய்தார். "அஞ்சலை மலைக்காட்டுல கூப்பிட்டா லயத்து வீட்டுல கேக்கும், இஞ்சின் சத்தமெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்" என்றாராம். ஆறு நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, ஏழாம் நாள் இது. கைப்பிள்ளையை யாரிடமாவது திணித்துவிட்டு வேலைக்கு ஓடும் அக்கா தங்கச்சிகளே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

டாட்டா காட்டிய கேப்டன்

முதல் நாள் என் கயிற்றில் வந்தவர் ஒரு கேப்டன். நல்ல வாட்டசாட்டமான ஆள். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே தொப்பென்று விழுந்தார். விழுந்தவர் தண்ணீரில் மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்டினார். "நான் நல்லா இருக்கேன், திரும்பி வந்து ஏத்திக்கோ" என்று அதற்கு அர்த்தம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய மனுஷர் டாட்டா காட்டுகிறாரே, சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று நானும் இரண்டு கையாலும் ஆட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். நானும் விடவில்லை.

படகோட்டி பாக் டின் வயசான மலாய்க்காரர். தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கரை முனை வரைக்கும் போன பிறகுதான் படகு லேசாக ஓடுகிறதே என்று அவருக்குச் சந்தேகம். தலையைத் திருப்பாமலே கேட்டார்: "அஞ்சலை, பின்னால ஆள் இருக்கா, இல்லே கயிறு மட்டும்தானா?"

மருந்துப் பெட்டிக்காரர்

கிளப்பில் பெரிய விளையாட்டு மிதவை சுற்றுவதுதான். கடலில் ஆறு சிவப்பு மிதவைகள், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக. படகு நடுவில் நேராகப் போகும். கயிற்றில் வருகிறவர் ஒற்றைப் பலகையில் ஒரு காலுக்குப் பின்னால் இன்னொரு காலை வைத்துக்கொண்டு, படகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து, ஒவ்வொரு மிதவையையும் வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஆறையும் சுற்றினால் அடுத்த தடவை படகின் வேகத்தைக் கூட்டுவார்கள். ஒன்றை விட்டால் ஆட்டம் அதோடு சரி.

ரெஜினா மிஸ்ஸி அங்கே விளையாட வந்தவர் இல்லை. அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் அவரை ஞாயிறு தோறும் அழைத்து வருவார். கரையில் குடையின் கீழே மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். காலையில் பாக் டின் இஞ்சினைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கும்போது மட்டும், டாக்டர் தலையாட்டினால், இரட்டைப் பலகையில் ஒரு சுற்று வருவார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஆமிக்காரர்களோடு போட்டி என்று முடிவாகி இருந்தது. கிளப்பு டீமில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். இருந்த ஒரே துரைசாணியும் ஆடி மாதம் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். டாக்டர், "நம்ம மிஸ்ஸி இருக்காளே" என்றார். கிளப்பு செக்ரட்டரி ஒரு தோட்டத்துப் பெரிய துரை. தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். மிஸ்ஸியை ஒற்றைப் பலகையில் வரச் சொல்லிப் பார்த்தார். முதல் மிதவைக்குக் கூடப் போகாமல் மிஸ்ஸி ஒரு வாய் கடல் தண்ணீர் குடித்துவிட்டுக் கரையேறினார். வேறு ஆள் இல்லாததால் துரை ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு கண்டிஷன்: "போட்டியில ஆறும் சுத்தினா நீ என்னைக்கும் டீம்ல. சுத்தலையா, பெட்டி இங்கேதான் இருக்கும் மிஸ்ஸி, நானே காவல் இருக்கேன்!"

காயத்தில் படித்த பாடம்

ஆவணி முழுக்க ஒரு மிதவை, மிஞ்சினால் இரண்டு. புரட்டாசி பிறந்த ஞாயிறு நான் "ஒண்ணு, ரெண்டு" என்று கத்திவிட்டு வாயை மூடப் போனேன். மூன்று வந்தது, நாலும் வந்தது. எனக்கே கண்ணில் கோளாறோ என்றிருந்தது. கரைக்கு வந்ததும், "எப்படி மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

அவர் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு வருஷமா இவங்களுக்கெல்லாம் நான்தானே மருந்து போடறேன். தோள்பட்டை வலிக்குதுன்னு வந்தா கயிறைக் கையால இழுத்திருக்காங்க. மூஞ்சி அடிபட்டு வந்தா இடுப்பை மடிச்சிருக்காங்க. விலாவுல அடின்னா லேட்டாத் திரும்பியிருக்காங்க. போன மாசம் எனக்குத் தோள்பட்டை. கையை நீட்டி வச்சு உடம்பால சாய ஆரம்பிச்சேன். அப்புறம் விலா. அதனால இப்ப மிதவைகிட்ட வர்றதுக்கு முன்னாலயே திரும்பிடறேன். கண்ணு அடுத்த மிதவையில இருக்கும்." அடி விழும் இடத்துக்கெல்லாம் தைலம் தடவிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விழுந்த இடத்திலேயே பாடம் படித்த ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் பார்த்த மாற்றம் வேறு. முன்பெல்லாம் கயிறு தொய்ந்து தொய்ந்து வெடுக்கென்று இழுபடும். இப்போது கம்பி மாதிரி விறைத்து நின்றது. மிஸ்ஸி சாய்ந்து திரும்பும்போது பலகையிலிருந்து தண்ணீர் சுவர் எழும்பி, வெயிலில் வெள்ளையாக நின்று விழும். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த பாக் டினுக்கு அது கையிலேயே தெரிந்தது. "அஞ்சலை, நான் அவளை இழுக்கிறேனா, அவ என் படகை இழுக்கிறாளா லா?"

கேட்டில் பிடிபட்ட ஒற்றைப் பலகை

நாலுக்கு மேல் நகரவில்லை. பலகையில் கால் நுழைக்கிற ரப்பர் வார் ஆம்பிளைக் காலுக்குச் செய்தது; மிஸ்ஸியின் கால் அதற்குள் தொளதொளவென்று ஆடியது. எங்கள் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. "கொண்டாங்க, நான் வெட்டி ஒட்டித் தரேன்" என்றார். அதனால் ஒரு ஞாயிறு பலகையை ஆஸ்பத்திரி வேனில் தோட்டத்துக்கு எடுத்து வந்தோம்.

இந்தக் காலத்துத் தோட்ட கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் முள்கம்பி. காலையில் திறக்கும், மாலையில் மூடினால் மூடியதுதான். ஒரு கைப்பிடி அரிசி வெளியே போகக்கூடாது, காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று முந்தானை முடிச்சு வரைக்கும் தடவிப் பார்ப்பார்கள். அன்றைக்குக் காவலில் இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சின்னப்பன் பலகையைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார். "இது எதுக்கு மிஸ்ஸி?" "தண்ணிமேல நிக்கறதுக்கு." "ரெண்டு காலுக்குமா?" "ஆமா." சின்னப்பனின் முகம் மாறிவிட்டது. வேனுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத் தேடிவிட்டு வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்: "மிஸ்ஸி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஜோடிப் பலகையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."

குழாயடி

மிஸ்ஸி காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார் என்ற சேதி, எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்துவிட்டது. குழாயடியில் மாரியாயி அக்கா, "மாதா கோயிலுக்குப் போற பொண்ணு, காலைக் காட்டிட்டுத் திரியுதாமே" என்று குடத்தைத் தட்டினார். எனக்குக் கோபம் வந்து, ஆறு மிதவையையும் குழாயடித் தரையில் தண்ணீரால் வரைந்து, மிஸ்ஸி எங்கே சாய்வார், எங்கே திரும்புவார் என்று என் இடுப்பை வளைத்து ஆடியே காட்டினேன். இடுப்பில் இருந்த என் மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் குடம் நிரம்பி வழிவதைக் கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் வாரைச் சரிசெய்து கொடுத்த அடுத்த ஞாயிறு மிஸ்ஸி ஐந்து சுற்றினார். மறுநாள் விடிகாலை பெரட்டில் பேர் கொடுக்க ஓடும்போது மாரியாயி அக்கா என்னை மறித்துக்கொண்டார். "இந்தாடி, காலு கெடக்கட்டும். அந்த ஆறாவதை ஏன் விட்டா?"

துப்பாக்கி

போட்டி நாள். மிஸ்ஸி அதுவரை ஒரு தடவை கூட ஆறு சுற்றியதில்லை. கரை முழுக்க ஆமிக்காரர்கள், பாண்டு வாத்தியம் வேறு. நடுவர் ஒரு மேஜர். அவரை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்த வந்தவர். சுட்ட சத்தம் கேட்டால் யோசிக்காதே, அப்படியே குப்புறப் படு என்று லயத்து ஜனம் மொத்தத்தையும் திடலில் படுக்கவைத்துப் பழக்கினார். என் மகள் தவழும் முன்பே படுக்கப் பழகியவள். பாக் டின் குடியிருக்கும் மலாய்க் கம்பத்து ஜனத்துக்கும் அதே பாடம்தான்.

முதல் ஆள் மிஸ்ஸி. கொடி அசைத்துத்தான் ஆட்டம் தொடங்கும் என்று நினைத்திருந்தோம். ஆமிக்காரர்கள் போட்டியை ஜோராக நடத்த ஆசைப்பட்டிருக்கிறார்கள். படகு மிதவைப் பாதைக்குள் நுழைந்ததும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரமேடையிலிருந்து மேஜர் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கி, டமார்!

கண் திறந்தபோது நான் படகின் அடித்தட்டில் கிடந்தேன். என் மூக்குக்கு நேரே பாக் டினின் தொப்பி. தொப்பிக்குள் பாக் டின். இஞ்சின் சும்மா இருமிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தால், மிஸ்ஸி கழுத்தளவு தண்ணீரில் கயிற்றோடு மிதக்கிறார். மேடையில் செக்ரட்டரி துரை தலையில் கை வைத்துக்கொண்டார். பாதைக்குள் நுழைந்தபின் விழுந்தால் விழுந்ததுதான், பூஜ்யம். எத்தனை ஞாயிறு, எத்தனை காயம், எல்லாம் என் ஒரு படுக்கையில் போயிற்றே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாக் டின் மிஸ்ஸியை மேடை ஓரமாக இழுத்து வந்தார். மிஸ்ஸி எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. தண்ணீரில் மிதந்தபடியே மேஜரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கரையே கொல்லென்று சிரித்தது. மேஜர் சிவந்துபோய்த் துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டு, மறுபடி ஓடச் சொல்லி ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டார். மிஸ்ஸி கேட்டதை டாக்டர் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: "மேஜர், சுட்டா படுக்கணும்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க. ஒழுங்கா படுத்ததுக்கு எனக்குப் பூஜ்யமா?"

ஆறாவது

வெள்ளைத் துண்டு அசைந்தது. நான் படகின் பின்னிருக்கையில் இடுப்பை இறுக்கி உட்கார்ந்தேன். "ஒண்ணு!" சாய்ந்தார், தண்ணீர் சுவர் எழுந்தது. "ரெண்டு!" கை நீண்டே இருந்தது. "மூணு!" மூன்றுக்கு முன்னாலேயே அவர் கண் நாலில் இருந்ததைப் பார்த்தேன். "நாலு!" படகு ஒரு பக்கம் இழுபட்டது. "அஞ்சு!" ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, எப்போதும் அவர் விழும் இடத்தில், பலகை ஒரு தடவை தட்டியது. அவர் குனியவில்லை, கையால் இழுக்கவில்லை. உடம்பை இன்னும் தாழச் சாய்த்தார். தோள் தண்ணீரைத் தொடும் போலிருந்தது. சிவப்பு மிதவை அவருக்கு உள்பக்கமாகத் தலையாட்டிக்கொண்டு பின்னால் போனது.

நான் ஆறு என்று கத்த வேண்டும். அதுதானே என் வேலை. தொண்டையில் சத்தம் வரவில்லை. மலைக்காட்டில் கூப்பிட்டால் லயத்தில் கேட்கும் தொண்டை! பாக் டின் பதறிவிட்டார். "அஞ்சலை! ஆள் இருக்கா, கயிறு மட்டும்தானா?" அழுதுகொண்டே சொன்னேன்: "ஆள் இருக்கு பாக் டின்! முழுசா நின்னுட்டு வருது!"

பெட்டி எங்கே?

கோப்பை என்னவோ ஆமிக்காரர்களுக்குத்தான் போனது. வேகத்தைக் கூட்டிய அடுத்த ஓட்டத்தில் மிஸ்ஸி நாலோடு விழுந்தார். அவர்கள் டீமின் துரைசாணி ஐந்து சுற்றினார். அந்த அம்மாள் சின்னப் பிள்ளையிலிருந்தே பலகையில் நிற்கிறவராம். மிஸ்ஸி நேரே அவரிடம் போய் அந்த ஐந்தாவதை எப்படித் திரும்பினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு மூடுமுன் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டுமே என்று நான் வேன் பக்கம் நின்று தவித்தேன். பால் கட்டிக்கொண்ட மார்பு எனக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, கயிறு சுற்றப்போன செக்ரட்டரி துரை விரலைக் கிழித்துக்கொண்டு வந்தார். வழக்கம்போலக் குடையின் கீழே போய், ரத்தம் சொட்டும் விரலை நீட்டிக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து நின்றார். "மிஸ்ஸி, பெட்டி எங்கே?" மிஸ்ஸி ஈரத் தலையைத் துவட்டியபடி எழுந்து வந்து கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பெட்டி இருந்த இடத்துலதான் இருக்கு ஸார். காவலுக்கு இருக்கேன்னு சொன்ன ஆளைத்தான் காணோம்."

இத்தனை ஞாயிறும் போகிற திசைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாலும், ஒருத்தி முன்னுக்கு வந்ததை இந்தக் கடற்கரையில் என்னை விடக் கிட்டத்தில் பார்த்தவர் யாரும் இல்லை.