படையல் இலையிலிருந்து கடை இலைக்கு

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. "அம்மையார் அமைதியே உருவானவர் என்று போட்டுவிடலாமா?" என்று நினைவஞ்சலி அச்சிடும் அச்சகத்தில் கேட்டார்கள். அக்கா அமைதியானவர் அல்லர். அவர் அடுக்களையில் பேசினால் புந்தோங் பேருந்து நிறுத்தம்வரை கேட்கும். ஆகவே தங்கையாகிய நானே எழுதுகிறேன்.

காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டிய குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். பெற்றோர் அடுத்தடுத்துக் காலமானதும், என்னையும் தம்பியையும் ஈப்போவுக்கு அழைத்து வந்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை திறந்தார். கடை நிலைத்தால் எங்களுக்குப் படிப்பு. இல்லாவிட்டால் மூவரும் தோட்டத்துக்கே திரும்பிப் பால்வாளி தூக்க வேண்டியதுதான்.

அந்நாளில் ஊரெல்லாம் கோழி சாப் என்னும் பொரித்த கோழிக்கறி மோகம். அக்காவும் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். சீனர் கடையில் அது அருமையாகக் கிடைக்கும்போது எங்களிடம் யார் வருவார்கள்? விற்காத கோழியை நாங்களே தின்று தீர்த்தோம். இன்றும் அதன் வாசனை எனக்கு ஆகாது.

கடையை மூடிவிடலாம் என்றிருந்த நிலையில், துக்க வீடுகளுக்குப் படையல் சமைத்துத் தரும் வேலை வந்தது. இறந்தவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுச் சமைக்க வேண்டும். ஒரு வீட்டிலும் கோழி சாப் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நெத்திலிச் சம்பலோடு மரவள்ளிக்கிழங்கு என்றே சொன்னார்கள்.

"நம்ம ஆளுங்க ஆசை என்னான்னு செத்தப்பறம்தான் வெளிய வருது. இருக்கும்போதே போட்டா என்ன?" என்றார் அக்கா. அவற்றையே கடையில் போட, கடலோரப் பாகான் டத்தோவிலிருந்து கருவாடு வரவழைத்தார். எல்லாம் மலிவான சரக்கு. விற்றால் கையில் மிஞ்சும்.

முதல் நாளே வம்பு வந்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இலையின் முன்னிருந்து எழுந்துவிட்டார். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் மனைவிக்கு அக்கா படையல் சமைத்திருந்தார்.

"என்னாக்கா இது? என் சம்சாரத்துக்குப் படைச்ச கருவாட்டுக் கொழம்ப எனக்கே விக்கிறீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா தணிந்த குரலில் சொன்னார்: "அவங்க இருந்தப்ப ஒங்களுக்கும்தானே ஆக்கிப் போட்டிருப்பாங்க, அண்ணே? மனசு சங்கடமா இருந்தா நாளைக்கு ஆக்கல. இன்னிக்கு மட்டும் சாப்ட்டுப் போங்க."

அவர் மறுபடி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கூட்டாளிகளோடு வந்தார். கடை அதன்பின் ஆட்டம் காணவே இல்லை. நான் ஆசிரியை ஆனேன். தம்பி பட்டறை வைத்தார். அக்கா மட்டும் தமக்கென்று எதையும் தேடிக்கொள்ளவில்லை.

நோயுற்ற அக்காவை மருத்துவமனையில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த புந்தோங் மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஓர் உதவி வேண்டும். பதினாறாம் நாள் படையலுக்கு அக்காவுக்குப் பிடித்ததைச் சமைக்க நினைத்தபோது நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடையில் அக்காவுக்கு உதவிய பெண்மணியைக் கேட்டோம். "சட்டியில மிஞ்சினத வழிச்சுப் போட்டுச் சாப்டுவாங்க. எது புடிக்கும்னு சொன்னதே இல்லயேம்மா" என்றார். ஊராரின் நாவை அறிந்தவருக்கு ஏதேதோ படைத்தோம். உங்களில் எவரிடமாவது அக்கா ஆசையாக ஏதேனும் கேட்டுச் சாப்பிட்டிருந்தால், தயவுசெய்து எங்களிடம் வந்து சொல்லுங்கள். இந்த ஆண்டுப் படையலுக்கு அதைச் சமைக்கிறோம்.