செவலையின் தொண்டையில் எலும்பு இல்லை

ஆத்தூர் சாலையோரம் அன்னாளுக்கும் அவள் புருஷன் சகாயராஜுக்கும் ரோஜாத் தோட்டம் இருந்தது. விடியுமுன் பூப்பறித்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள் அன்னாள். உட்கார்ந்தால் பூ வாடிவிடும் என்று நின்றபடியே கஞ்சி குடிப்பாள். தோட்டத்துக்குக் காவல் செவலை நாய். அதற்கு வேளாவேளைக்குச் சோறு வைத்தார்கள். நாய்க்கு ஊசி போட வேண்டும் என்று தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் கறிச்சோறு. மறுநாள் செவலை சோற்றைத் தொடவில்லை. வாயைப் பிளந்தபடி, எச்சில் நூலாக ஒழுக நின்றது. நேற்றைய எலும்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். பத்து வயது மகள் அன்புக்கரசி தாடையைப் பிடித்துக்கொள்ள, அன்னாள் ரோஜா முள் கீறிய கையை உள்ளே விட்டுத் துழாவினாள். எலும்பு அகப்படவில்லை. நாய் கடிக்கவுமில்லை. அடுத்த நாள் செத்துக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து மாட்டைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவரிடம் பேச்சோடு பேச்சாக அன்னாள் இதைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. அது எலும்பல்ல, வெறிநோயாகத்தான் இருக்கும் என்றார். கடிக்க வேண்டியதில்லை, கீறலில் எச்சில் பட்டாலே போதும். சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டு இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று விரட்டினார்.

அன்னாள் மோட்டார்த் தண்ணீரில் கையைத் தேய்த்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். அன்புக்கரசி தாடை பிடித்த விரலின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கடிக்கவே இல்லையேடி. எச்சி பட்டதுக்குப் போயி தொப்புளச் சுத்தி ஊசியா? பச்சப்புள்ள தாங்குமா?" என்றான் சகாயராஜ்.

"எனக்கு ஒண்ணுன்னா நீ இன்னொருத்தியக் கட்டிக்கிருவ. இவளுக்கு ஒண்ணுன்னா எங்கிட்டுப் போயித் தேடுவ?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸை நிறுத்த ரோட்டுக்குப் போனான்.

தினமும் ஆஸ்பத்திரி, தினமும் வயிற்றில் ஊசி. பறிக்காத ரோஜா செடியிலேயே உதிர்ந்தது. ஊசி முடிந்த பிறகும் அன்னாளுக்கு நிலைகொள்ளவில்லை. தண்ணீரைக் கண்டு மிரள்வதுதான் அந்த நோயின் அடையாளம் என்று கேள்விப்பட்டிருந்தாள். கண் விழித்ததும் மகள் கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுப்பாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் தான் குடிப்பாள். தாகமில்லை என்று பிள்ளை தட்டிவிட்டால் அன்றைக்குப் பூக்கூடையைத் தொடமாட்டாள். அப்படியே பல மாதம் ஓடியது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு ஒரு கறுப்புக் குட்டி வந்தது. ஊசி போடும் வயசு வந்ததும் அன்னாள் அதைப் பூக்கூடையில் வைத்துத் துணி மூடி டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

"என்னக்கா, ரோசாப்பூ குலைக்குது?" என்றார் கண்டக்டர்.

"ஊசி போட்டுட்டா குலைக்கிறதோட நிக்கும் அப்பு. டிக்கெட்டக் குடு."

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் போனாள். அக்கம்பக்கத்து நாய்களையும் விடமாட்டாள். அவற்றின் சொந்தக்காரர்கள் அவளைக் கண்டால் வேறு வரப்பில் இறங்கிவிடுவார்கள். கால்நடை ஆஸ்பத்திரியில் நாயின் தோலில் ஊசி இறங்கும்போது அவள் கை தன்னையறியாமல் அடிவயிற்றைத் தொடும். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு, "போகலாம்" என்பார். அவள் நகரமாட்டாள்.

"மருந்து முழுசா இறங்கிருச்சா சார்? செத்த பாத்துச் சொல்லுங்க. வீட்டுல பிள்ளை இருக்கு."

அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.