அடித்தல் திருத்தல் இல்லை

எண் வந்துவிட்டால் சவரிநாதனின் அடிக்கோல் நின்றுவிடும். "ஒன்று, எட்டு, நான்கு" என்று ஒருமுறை வாசிப்பார். "நூற்று எண்பத்து நான்கு" என்று மறுமுறை. இரண்டும் ஒன்றுதான் என்று தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்ட பிறகுதான் கோல் அடுத்த வரிக்கு இறங்கும். எதிரே மனை விற்க வந்தவர், வாங்க வந்தவர், இரண்டு சாட்சிகள். சாட்சிகளில் ஒருவருக்குப் பசி.

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கும். கையெழுத்த எங்க போடணும்னு சொல்லு."

"சரியா இருக்கும்னு நம்புனவன்தான்பா கோர்ட்டுல நின்னுக்கினு இருக்கான்" என்பார் சவரிநாதன். கோல் அசையாது.

வில்லியனூரில் முப்பத்தொரு ஆண்டுகளாக ஆவண எழுத்தர். ஒரு மேசை, ஒரு கணினி, அதைத் தட்டும் ஜெயசுதா, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். கடையில் ஒயிட்னர் கிடையாது. முன்பு ஒரு வாடிக்கையாளர் சட்டைப் பையில் கொண்டுவந்த ஒயிட்னரை வாங்கி, பத்திரம் முடியும்வரை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்து, போகும்போது திருப்பிக் கொடுத்தார். பிழை நேர்ந்தால் அதன்மேல் ஒற்றைக் கோடு, பழைய எழுத்து கோட்டுக்குக் கீழே தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானது, ஓரத்தில் கையெழுத்து. "தப்பு வுழலாம். தப்ப மறைச்சாத்தான் பத்திரம் செத்துப்பூடும்."

இத்தனை கறாரான மனிதருக்கு இரண்டு பிறந்த தேதிகள் இருக்கின்றன. பங்குக் கோயில் பதிவேட்டின்படி அவர் 1966 ஜூலையில் ஞானஸ்நானம் பெற்றார். பள்ளிச் சான்றிதழின்படி 1967 ஜூனில் பிறந்தார். பிறப்பதற்குப் பதினொரு மாதம் முன்பே கிறிஸ்தவரானவர் என்று நண்பர்கள் கேலி செய்தால் கோபப்படுவதில்லை. "வாத்தியார் எழுதுன தேதிப்பா அது. அதுக்காக நான் பொறக்கலைன்னு ஆயிடுமா?"

மேசைக் கண்ணாடிக்கு அடியில், ஒரு நாள்காட்டிக்கும் ஒரு லூர்து மாதா படத்துக்கும் நடுவே, ஒரு தாள் இருக்கிறது. விவிலியத்தில் எண்கள் ஒன்றோடொன்று மோதும் இருபத்திரண்டு இடங்கள் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. கொடுத்தவர் எழிலரசன், சவரிநாதனின் மருமகன். சேதராப்பட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறார். கடவுள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மகள் கிறிஸ்டினா காதலித்துக் கட்டிக்கொண்டவர். கல்யாணத்தில் எந்தத் தகராறும் வரவில்லை. எட்டு மாதம் முன்பு ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதற்கு ஞானஸ்நானம் கொடுப்பதா என்று அப்போது வந்தது.

"எங்க லைன்ல ஒரு பீஸு அளவு மாறுனா லாட்டே ரிஜெக்ட் மாமா" என்றார் எழிலரசன். "உங்க புஸ்தகத்துல இருவத்திரெண்டு எடத்துல மாறுது. எல்லாத்துக்கும் நீங்களே பதில் எழுதிக் குடுங்க. யூட்யூப்ல புடிச்சது வேணாம். குடுத்தீங்கன்னா நானே புள்ளைய தூக்கிக்கினு கோயிலுக்கு வர்றேன். ஒண்ணு கொறைஞ்சாலும், புள்ள வளந்து அதுவே முடிவு பண்ணிக்கட்டும்."

எழிலரசனின் தாயார் காசம்மாளுக்கு இதில் எந்தத் தத்துவச் சிக்கலும் இல்லை. "தலையில தண்ணிதானே ஊத்தறாங்க? இந்த வெயிலுக்கு நல்லதுதான்" என்றார். மகன் அம்மாவைக் கேட்கவில்லை. சவரிநாதன் சம்பந்தியம்மாளின் ஆதரவை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய ஒப்பந்தத்தில் மூன்றாவது ஆள் எதற்கு?

சவரிநாதனுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை மனைவி ஆனி மேரிதான் ஒருநாள் ஜெயசுதாவிடம் சொன்னார், காப்பித் தம்ளரை வைத்துவிட்டுப் போகிற போக்கில். கிறிஸ்டினாவுக்கு முன்னால் ஒரு பையன். ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வந்து சேர்வதற்குள் போய்விட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டில் வயது இரண்டு நாள். கல்லறைப் பதிவேட்டில் மூன்று நாள். இந்த ஒரு முரண்பாட்டுக்கு மட்டும் சவரிநாதன் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் வேலையை ஆரம்பித்தார். ஐந்து விவிலியங்கள் மேசைக்கு வந்தன. இரண்டு கத்தோலிக்கம், இரண்டு பிராட்டஸ்டன்ட், ஒன்று அட்டை இல்லாததால் மதம் தெரியாதது. பத்திரத்துக்கும் பத்திரத்துக்கும் நடுவே, பசித்த சாட்சிகள் டீக்குப் போகும் நேரத்தில், தாளை வெளியே எடுப்பார்.

அகசியா அரசனானபோது வயது இருபத்திரண்டு என்கிறது விவிலியத்தின் ஓர் ஆகமம். நாற்பத்திரண்டு என்கிறது இன்னோர் ஆகமம். இரண்டாவது கணக்குப்படி, நாற்பது வயதில் செத்த அப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன். எழிலரசன் இதைத்தான் தம் பெரிய வெடியாக வைத்திருந்தார். சவரிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பனவிட மூத்த புள்ள வாரத்துக்கு ஒருத்தன் ஆதார் கார்டோட நம்ம கடைக்கு வர்றான் மாப்ள. நகல் எடுத்தவன் கை தப்பு. சர்வே நம்பர்ல ஒரு எண்ணு மாறி வுழுந்தா மனை காணாம பூடுமா? பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுட்டுப் போறோம்."

சிரிக்காத இடம் ஒன்று இருந்தது. புதிய மொழிபெயர்ப்பு ஒன்றில் அந்த நாற்பத்திரண்டைச் சத்தமில்லாமல் இருபத்திரண்டு ஆக்கி, அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்கள். இதற்கு எழிலரசனைவிட அதிகம் கொதித்தவர் மாமனார்தான். "ஒயிட்னர் போட்டிருக்கான் பாரு" என்று அந்தப் புத்தகத்தைத் தனியே தள்ளி வைத்தார். அவர் தவறை நம்புகிறவர். தவறில்லாததுபோல் இருப்பதை நம்பாதவர்.

பேய் பிடித்தவர் ஒருவர் என்று மாற்கு எழுதிய நற்செய்தி. இருவர் என்று இன்னொன்று. இதற்குப் பதில் கடை வாசலிலேயே கிடைத்தது. "தெருமுனை மனைய வித்தது யாரு?" என்று ஜெயசுதாவைக் கேட்டார்.

"இருசப்பண்ணன்."

"பத்திரத்துல விக்கிறவங்க எத்தினி பேரு?"

"ரெண்டு. அண்ணனும் அண்ணியும்."

"அப்போ நீ சொன்னது பொய்யா?"

"ஊர்ல அப்படித்தாண்ணா சொல்லுவாங்க."

"மாற்கும் ஊருலதாம்மா இருந்தாரு" என்று எழுதத் தொடங்கினார்.

தாவீது வாங்கிய களத்துக்கு ஒரு புத்தகத்தில் ஐம்பது வெள்ளி, மறு புத்தகத்தில் அறுநூறு பொன். களமும் காளைகளும் ஒரு விற்பனை, சுற்றியுள்ள இடம் முழுவதும் இன்னொரு விற்பனை என்று சவரிநாதன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். எழிலரசன் அதைக் கேட்டுவிட்டு, "பத்திரத்துல ஒரு வெல, கையில ஒரு வெல. அதுக்கு ஏன் மாமா ஒன்றரைப் பக்கம்? உங்க தெருவுலயே தெரியுமே" என்றார். மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பதிலில் ஒரு வரி சேர்த்தார்: "அரசர் முழு விலையும் கொடுத்ததாக எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கவும்."

சாலொமோனின் குதிரைக் கொட்டில்கள் நாற்பதாயிரமா நாலாயிரமா என்பதற்கு முதலில் 'ஒரு சைபர் கூடிவிட்டது' என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்து எபிரேயத்தில் எண்களை எழுத்தால் எழுதுவார்கள், சைபருக்கு அங்கே வேலை இல்லை என்று மருமகன் சொன்னார். சவரிநாதன் பங்குச் சாமியாரிடம் போய் விசாரித்தார். மருமகன் சொன்னது சரி. பதில் குப்பைக்குப் போயிற்று, புதிதாக எழுதப்பட்டது. நாத்திகர் தப்பான பதிலிலிருந்து காப்பாற்றினார் என்பதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் பெருமையாகவே சொன்னார்.

அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்த அளவுகோல் தொழிலில் பழகியது. பத்திரத்தில் மனையின் அளவுக்கும் நான்கு பக்கத்து எல்லைகளுக்கும் தகராறு வந்தால் எல்லைதான் நிற்கும். "சதுர அடிய அளக்கறவன் கூட்டி எழுதுவான், கொறைச்சி எழுதுவான். வடக்கே வாய்க்காலுன்னா வாய்க்கால்தான். ஆண்டவரோட கல்லறைக்கு ஒரு பொம்பள போனாங்களா, ரெண்டா, மூணா? அது சதுர அடி. கல்லு பொரண்டு கெடந்துச்சா இல்லையா? அது எல்ல. அதுல நற்செய்தி எழுதுன நாலு பேருக்கும் தகராறு கெடையாது."

இப்படியே இருபத்தொன்று முடிந்தது. இருபத்திரண்டாவதில் கோல் நின்றது.

சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல் எஸ்ரா ஆகமத்தில் ஒன்று, நெகேமியா ஆகமத்தில் ஒன்று. குடும்பத்துக்குக் குடும்பம் எண்கள் மாறுகின்றன. ஆனால் இரண்டும் கடைசியில் ஒரே மொத்தம் சொல்கின்றன: 42,360. சவரிநாதன் கூட்டிப் பார்த்தார். ஒன்று பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது. மற்றது பதினோராயிரத்துச் சொச்சம் குறைந்தது. ஜெயசுதாவைக் கூட்டச் சொன்னார். அதே எண்கள். மொத்தம் மட்டும் ஒத்துப்போய், உள்ளே எதுவும் கூடாத பட்டியலைப் பார்த்து அவர் முகம் வாடிவிட்டது. அந்தத் தொழில்காரருக்கு இதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

பதில்கள் வந்து குவிந்தன. விடுபட்டவர்கள் வேறு கோத்திரத்தார் என்று சாமியார் சொன்னார். பெண்களைச் சேர்த்த கணக்கு என்று பங்கு இளைஞர் குழுவின் வாட்ஸ்அப் சொன்னது. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். எதையும் எழுதவில்லை. "இருக்கலாம்" என்றார். "ஆனா இருக்கலாம்னு பத்திரம் எழுத முடியாது."

ஒரு சனிக்கிழமை மதியம், கூட்டம் வடிந்த நேரத்தில், மகளும் மருமகனும் குழந்தையோடு கடைக்கு வந்தார்கள். சவரிநாதன் கையால் எழுதிய ஒன்பது பக்கங்களை எடுத்து வைத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில், 'அடித்தல் திருத்தல் இல்லை' என்ற வரியும், கையெழுத்தும், உரிம எண்ணும்.

எழிலரசன் தொழிற்சாலைப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சின்ன டிக் போட்டுக்கொண்டே வந்தார். களத்து விலையில் சிரித்தார். கல்லறையில் சிரிக்கவில்லை. கடைசியில் பேனா நின்றது.

"இன்னா மாமா, 'தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க?"

"தெரியல. அதான் எழுதினேன்."

"அப்போ ஒண்ணு கொறையுது."

"கொறையுது."

"ஃபாதர் சொன்னத எழுதியிருக்கலாம்லப்பா?" என்றாள் கிறிஸ்டினா. குழந்தை அவள் தாலிச் சங்கிலியை வாயில் வைத்திருந்தது.

"அது ஃபாதருக்குத் தெரிஞ்சதும்மா. என் லைசென்ஸ் நம்பர் போட்டு நான் எழுத முடியாது."

எழிலரசன் முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி எண்ணத் தொடங்கினார். தொழிற்சாலையில் நிராகரிக்கும் முன் இரண்டாம் முறை எண்ணுவது விதி. நடுவில் அவர் விரல் நின்றது.

"மாமா, பதிமூணுக்கு அப்புறம் இன்னா வரும்?"

"பதினாலு."

"இதப் பாருங்க."

சவரிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் பதின்மூன்றில் முடிந்திருந்தது. அடுத்த பக்கம் பதினைந்தில் தொடங்கியிருந்தது. பதில் எதுவும் விடுபடவில்லை. எண் மட்டும் தாண்டி விழுந்திருந்தது. பக்கம் திருப்பும் இடத்தில், எல்லா நகல்காரர்களுக்கும் நேர்வதுபோல.

எழிலரசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க நம்பர்படி பாத்தா இருவத்திரெண்டு வரைக்கும் பதில் இருக்குது. தெரியலைன்னு எழுதினது இருவத்தி மூணாவது. நான் கேட்டதே இருவத்திரெண்டுதான். கேக்காத கேள்விக்குத் தெரியலைன்னா எனக்கு இன்னா?" என்று தாள்களை அடுக்கி வைத்தார். "லாட் பாஸு மாமா."

"அண்ணா, ஜெயிச்சிட்டீங்க!" என்றாள் ஜெயசுதா.

"அப்பா, பேசாம இருந்துடுப்பா" என்றாள் கிறிஸ்டினா, அவரைத் தெரிந்தவளாக.

சவரிநாதன் தாள்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "தப்பா வுழுந்த நம்பர்ல லாபம் பாக்கக் கூடாது மாப்ள" என்று பேனா மூடியைத் திருகினார். பதினைந்தின்மேல் ஒரு கோடு, பக்கத்தில் பதினான்கு, ஓரத்தில் கையெழுத்து. பதினாறின்மேல் ஒரு கோடு. ஜெயசுதா, "டைப் பண்ணி வேற காப்பி எடுத்துடலாம்ணா" என்றாள். அவர் காதில் விழவில்லை. ஒன்பது இடங்களிலும் கோடு, எண், கையெழுத்து. கடைசியில் இருபத்து மூன்று இருபத்திரண்டாயிற்று. 'தெரியவில்லை' தன் சரியான இடத்துக்கு வந்து நின்றது.

எழிலரசன் ஒன்பது கையெழுத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பு எப்போதோ போயிருந்தது. மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாமா, ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் எத்தினி மணிக்குக் குடுப்பாங்க?"

சவரிநாதன் அப்போது கடைசி வரியில் இருந்தார். 'அடித்தல் திருத்தல் இல்லை' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, 'திருத்தங்கள்' என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருந்தார். ஒன்பதா, இப்போது அடித்ததையும் சேர்த்தால் பத்தா? நிமிராமல் இடது கையை மட்டும் மருமகன் பக்கம் உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டிவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பி விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.