பேசியவள் பெயர்

ஒன்பதாம் வகுப்புத் தோழிகளே,

டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் இதுவரை லீடரான என் வேலை. இன்று நானே பேசிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை மொண்டு தலைமையாசிரியையிடம் நீட்டினேன்.
"உப்பளத் தண்ணி மாதிரி கரிக்குது டீச்சர். குடிச்சுப் பாருங்க."

அவர் குடிக்கவில்லை.
"எவளெல்லாம் சொல்லிவிட்டா? பேரை எழுதுளா."

என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"ஒருத்திக்கு மட்டும் கரிச்சா, குத்தம் தண்ணிமேல இல்லளா, ஒன் நாக்குமேல."

அப்பா தூங்கியபின் இதை எழுதுகிறேன். தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். ஆனாலும் நாளைக்கும் தம்ளரோடு போவேன்.

யாருக்கெல்லாம் கரித்தது? கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இந்த முறை உங்கள் பெயரை நான் எழுதமாட்டேன். நீங்களே எழுதி அடுத்த பெஞ்சுக்குத் தள்ளுங்கள்.